ரெண்டரை நூல் போல்ட்டு

செங்காட்டுப்பாளையம் நால்ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கினதும் எல்லாரும் அண்ணாந்துதான் பாக்கறாங்க, ரெண்டு மாடி உசரத்துக்கு, தலை கீழயும் மரை மேலயுமா நட்டு வெச்சாப்புல நிக்குதே ஒரு போல்ட்டு, அதை யாரு செஞ்சது, எந்தக் கம்பெனி விளம்பரம், எதுக்கு நடுரோட்டுல நிக்குதுன்னு கேக்கறாங்க, கேட்டா எங்கூர்க்காரங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, செருப்பைப் பாத்துக்கிட்டே அக்கட்டால நகந்துருவாங்க. நான் சொல்றேனுங்க. சொல்றதுக்கு எனக்குத்தான் முதல் பாத்தியதை. அதை யாரும் செஞ்சு வெக்கலை, ஒரு காலத்துல அது என் சுண்டுவிரல்ல பாதிதான் இருந்துச்சு.

என் பேரு சுலோச்சனா. எட்டு விசைத்தறி வெச்சுக் கூலிக்கு ஓட்டறோம். தறி நின்னுபோச்சுன்னா ஊர்ல எல்லாரும் மேஸ்திரிக்குப் போன் போடுவாங்க, நான் போட்டதே இல்லை, சீலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஸ்பேனரை எடுத்தா அரை மணியில தறி ஓடும். அதுல எனக்கு நெம்பப் பெருமை. அப்புறம் பைக்கும் ஓட்டப் பழகி, பைக்கையும் நானே பிரிச்சு மாட்டப் பழகினப்புறம் அந்தப் பெருமைக்குக் கொம்பு முளைச்சுபோச்சு. நால்ரோட்டு முக்குல இருக்கற எங்கூட்டுக்கு எதுத்தாப்புல, ரைஸ்மில்லு காளியப்பண்ணன் கட்டடத்துல, மார்த்தாண்டத்துல இருந்து வந்து பன்னெண்டு வருசமா மெக்கானிக் கடை வெச்சிருந்த செல்வினை நான் கேலி பேசாத நாளே கிடையாது. "ஏஞ் செல்வின், நீ வைத்தியம் பாக்கறது வண்டிக்கா, வண்டிக்காரன் பாக்கெட்டுக்கா?"ம்பேன். அவன் கிரீஸ் கையோட சிரிப்பான். "எக்கா, உங்க வாய்க்கு ஒரு லாக் நட்டு வேணும், அந்த சைஸ் எங்கயும் கிடைக்க மாட்டேங்குது"ம்பான். அவ்வளவு நல்ல பழக்கந்தான் எங்களுக்குள்ள.

இங்க சைஸ் விசயம் கொஞ்சம் சொல்லியாகணும், இல்லைன்னா நான் செஞ்ச காரியம் உங்களுக்குப் புரியாது. எங்கூரு பழைய தறியெல்லாம் இஞ்சுக் கணக்கு. ஒரு இஞ்சை எட்டாப் பிரிச்சா ஒரு பங்குக்கு ஒரு நூல்னு பேரு. ரெண்டு நூல் போல்ட்டு, ரெண்டரை நூல் போல்ட்டு, மூணு நூல் போல்ட்டுன்னுதான் கேட்டு வாங்குவோம். பைக்கு அப்படியில்லை, அது மில்லிமீட்டர். இந்த ரெண்டரை நூலும் பைக்கோட எட்டு மில்லிமீட்டரும் பாத்தா ரெட்டைப் பிள்ளைக மாதிரிதான் இருக்கும், கண்ணால பாத்தாலும் தெரியாது, கையில வெச்சாலும் தெரியாது. ஆனா மரை, அதான் திருகி ஏறற வரி, அது வேற. தறி போல்ட்டுல ஒரு இஞ்சுக்குப் பதினெட்டு மரை ஓடும், பைக் போல்ட்டுல இருபது. அதனால அதை இதுல விட்டா ரெண்டு சுத்து நல்லாப் போகும், மூணாவது சுத்துல நின்னுக்கும். செல்வின் ஒருக்கா எனக்குச் சொல்லியிருக்கான்: "எந்தப் போல்ட்டா இருந்தாலும் முதல்ல விரலால விட்டுப் பாருங்கக்கா. அஞ்சு சுத்து விரல்லயே போனா அது அந்த ஓட்டைக்குப் பொறந்தது. மூணாவது சுத்துலயே ஸ்பேனரைத் தேடினீங்கன்னா அது அடுத்த வீட்டு போல்ட்டு." எனக்கே பாடம் எடுக்கறயான்னு அன்னைக்கு அவனை ஒரு வாங்கு வாங்கினேன்.

வைகாசி மாசம் எங்க கொழுந்தன் குணசீலன் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸுல போனப்ப அவனோட பைக்கை எங்கூட்டுத் தறிக்கொட்டாய்ல நிறுத்திட்டுப் போனான். முன்னாடி வாரந்தான் செல்வின் கடையில சர்வீஸ் விட்டிருந்தான், ஆனா முன்பிரேக் பிடிச்சாக் கிறீச்சு கிறீச்சுன்னு ஒரு சத்தம். சரி, அவன் திரும்பி வர்றதுக்குள்ள அந்தச் சத்தத்தை நிறுத்தி வெச்சிருவோம், ஓட்டிப் பாத்துட்டு "அண்ணி, இது உங்க வேலைதானே"ன்னு அவனாக் கேக்கட்டும்னு, அந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு, யார்கிட்டயும் சொல்லாம உக்காந்து கழட்டினேன். பிரேக் செட்டு ரெண்டு போல்ட்டுல நிக்குது. ஒண்ணு கை நழுவிக் கழிவுப் பஞ்சுக்குள்ள விழுந்துபோச்சு, தேடித் தேடிப் பாத்தேன், அகப்படலை. போனாப் போகுதுன்னு பிஸ்கட் டப்பாவுல கிடந்த தறி போல்ட்டுல அதே தடிமன்ல ஒண்ணைப் பொறுக்கிப் போட்டேன். பைக் போல்ட்டைக் கழட்டின பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் அது தலையில உக்காரலை. பதிமூணு உக்காந்துச்சு, உக்காந்தும் லேசா ஆடுச்சு. அப்பவே தெரிஞ்சிருக்கணும். மூணாவது சுத்துல இறுகுச்சு. அப்பவாச்சும் தெரிஞ்சிருக்கணும். நல்ல டைட்டா நிக்குதுன்னு நெனச்சு, ஸ்பேனர் மேல காலை வெச்சு மிதிச்சேன்.

கல்யாணத்துல இருந்து வந்து முந்தின ராத்திரி வண்டியை எடுத்துட்டுப் போன குணசீலன், மூணாம் நாள் காலையில எங்கூட்டுக்கு வர்ற வழியில நால்ரோட்டுல மாட்டு வண்டிக்கு வழி விடறதுக்குப் பிரேக்கைப் பிடிச்சிருக்கான், அந்தப் போல்ட்டு மரையைப் பேத்துக்கிட்டுத் தெறிச்சு, பிரேக் செட்டு திரும்பிச் சக்கரத்துல மாட்டி, வண்டி குட்டிக்கரணம் அடிச்சுருச்சு. உசிருக்கு மோசமில்லை. வலது தொடை ரெண்டா முறிஞ்சுது. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஊரே நிக்குது, காளியப்பண்ணன் மீசையை முறுக்கிட்டு, "வண்டியில கடைசியாக் கை வெச்சது எவன்?"னு கேட்டார். போன வாரம் செல்வின்தான் சர்வீஸ் பண்ணினான்னு யாரோ சொன்னாங்க. நான் வாயைத் திறந்தேனுங்க, சத்தியமாத் திறந்தேன். "எல்லாத்துக்கும் காப்பி வாங்கியாரட்டுமா?"ன்னுதான் வந்துச்சு. வாங்கியும் வந்து குடுத்தேன், அதை இப்ப நெனச்சாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

செல்வின் எவ்வளவோ சொல்லிப் பாத்தான். "அண்ணாச்சி, நான் ஆயிலு மாத்தினேன், செயினு டைட் வெச்சேன், முன்பிரேக்கைத் தொடவே இல்லை. அதுல கோளாறுன்னு அவர் என்கிட்ட சொல்லவும் இல்லை." யாரு கேக்கறாங்க? அடுத்த நாள்ல இருந்து அவன் கடையில ஒரு சைக்கிள் கூட நிக்கலை. காளியப்பண்ணன் போய், ஆடி பொறந்தா யாரும் கடை மாத்த மாட்டாங்க, அதனால ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணிருன்னு சொல்லிட்டார். பன்னெண்டு வருசத்துக் கடை, அவன் பொண்ணு இங்க பொறந்து இங்க பள்ளிக்கூடம் போற ஊரு, ஒரு காப்பி நேரத்துல அவன் கையை விட்டுப் போச்சு.

போல்ட்டை முதல்ல பாத்தது பூக்காரப் பாப்பாத்தியக்கா. விபத்து நடந்த மறுநாள் விடியால, கூடையை இறக்கி வெக்கறப்ப, விழுந்த இடத்துலயே அது தலையைக் கீழ வெச்சு நேரா நின்னுதாம். எடுத்துப் போடலாம்னு கையை வெச்சா அசைய மாட்டேங்குது. சரி கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டுது. அதுக்கு மறுநாள் ஒரு டிராக்டர்காரர் டயர்ல குத்திரும்னு ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பாத்திருக்கார், பதிமூணு நம்பர் பத்தலை, பதினாலு உக்காந்துச்சு. மறுநாள் பதினேழு. அதுக்கு மறுநாள் பத்தொம்போது. அப்புறம் இருபத்திரெண்டு, இருபத்திநாலு, இருபத்தேழுன்னு தினம் விடிஞ்சா ஒரு ஸ்பேனர் சைஸ் ஏறிக்கிட்டே போச்சு. தறி ஊரில்லீங்களா, எல்லார் ஊட்டுலயும் ஸ்பேனர் இருக்குது, காலையில பால் வாங்கப் போறவங்க தூக்குப்போணியோட ஒரு ஸ்பேனரையும் எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாத்துட்டு வருவாங்க. முப்பத்திரெண்டைத் தாண்டினதும் ஊர்ல ஸ்பேனர் தீந்துபோச்சு. அதுக்கப்புறம் அது தன்னிஷ்டத்துக்கு நாளுக்கு ஒரு சாண் வளந்துச்சு.

ஊரு பயந்துச்சான்னு கேக்கறீங்களா? அட, எங்கூர்க்காரங்களுக்குப் பயப்பட நேரமெங்க இருக்குது! இடுப்பளவு வந்தப்ப ஆட்டைக் கட்டினாங்க. ஆளுசரம் வந்தப்ப பூப்புனித நீராட்டு விழா பேனரைக் கட்டினாங்க. மரை இடுக்குல பாப்பாத்தியக்கா பூச்சரத்தைச் சுத்திச் சுத்திப் போட்டு வியாபாரம் பண்ணுச்சு, வாடாம இருக்குதுன்னு ஒரே பெருமை. கீழ போல்ட்டுத் தலைக்கட்டை அகலமாக அகலமாக அதுல ஆறு மூலையும் ஆறு ஆளுக்குன்னு ஆகிப்போச்சு, ஒரு மூலையில சீட்டாட்டம், ஒரு மூலையில காய்ஞ்ச மொளகா, ஒரு மூலை பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைகளுக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து ரோட்டு ஆபீஸுக்கு எழுதினாங்க, அங்கிருந்து, "மேற்படி பொருள் எம்மால் நடப்பட்டதல்ல"ன்னு பதில் வந்துச்சு. கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து அண்ணாந்து பாத்துட்டு, கம்பியைத் தொட்டுரும்னு நாலு முழம் தள்ளிக் கட்டிட்டுப் போனாங்க. பஸ்ஸெல்லாம் அதைச் சுத்தித் திரும்பப் பழகிருச்சு, வேகமா வந்த லாரியெல்லாம் மெதுவாச்சு, நால்ரோட்டுல அப்புறம் ஒரு விபத்து நடக்கலை. சாமியாப் பாத்து ஒரு ரவுண்டானா வெச்சுருச்சுன்னு காளியப்பண்ணனே சொல்லி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சந்தனம் பூச வெச்சார்.

எனக்கு மட்டும் அதுக்குப் பக்கத்துல போக முடியலைங்க. சின்னதா இருந்தவரைக்கும் ஒரு போல்ட்டு ஒரு போல்ட்டுதான், யாருக்கு என்ன தெரியும்? பெருசாகப் பெருசாக எல்லாமும் பெருசாச்சு. நுனியில மூணு மரை நசுங்கிப் படுத்துக் கிடந்தது தூரத்துல இருந்தே தெரிஞ்சுது. நசுங்கின இடத்துல, பைக்கோட முன் ஃபோர்க்குல இருந்து பேத்துக்கிட்டு வந்த அலுமினியத் துணுக்கு, ஒண்ணொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெயில்ல மின்னுச்சு. தலைக்கட்டையில மூலைக்கு மூலை என் பதிமூணு நம்பர் ஸ்பேனர் வழுக்கின தழும்பு. அதெல்லாங் கூடப் பரவாயில்லை. எங்க தறிக்கொட்டாய்ல கிடந்ததில்லீங்களா, மரை இடுக்குல ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்திருக்குது, கிளிப்பச்சை நூலு, அந்த மாசம் அந்தக் கலர் எங்க எட்டுத் தறியிலதான் ஓடுச்சு. அந்தப் பிசிறு தாம்புக்கயிறு தடிமனுக்கு வளந்து, மேல இருந்து கீழ தொங்கிக் காத்துல ஆடுச்சு. ஆட்டைக் கூட அதுலதான் கட்டினாங்க. நான் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்குவேன், சாத்தின ஜன்னல்லயும் அதோட நிழல் விழும்.

எங்க ஊட்டுக்காரர் ஒரு நாள் எட்டுத் தறியிலயும் நெய்து முடியாமக் கிடந்த பச்சைப் பாவு நூலை அறுத்து இறக்கிட்டார். "ஏனுங்க, இன்னும் நூறு மீட்டர் இருக்குதே?"ன்னேன். "இந்தக் கலர் நமக்கு ஆகாது சுலோ"ன்னார். என் மூஞ்சியைப் பாக்கலை. அன்னைக்குச் சோறு போட்டப்ப ரசத்தைத் தட்டுக்கு வெளிய தரையில ஊத்திட்டேன், அதையும் அவரே துடைச்சார்.

ஆனி இருபது வாக்குல ஒரு மத்தியானம் செல்வின் கடையில இருந்து எந்திரிச்சு வந்தான். வேலையில்லாத கை, சுத்தமா இருந்துச்சு. ஜன்னல் இடுக்குல பாத்துட்டிருந்தேன். போல்ட்டை ஒருக்காச் சுத்தி வந்தான், மரையைக் கையால தடவினான், தொங்கற பச்சைக் கயிறைப் பிடிச்சு மோந்து பாத்தான், தறி எண்ணெய் வாசம் அடிச்சிருக்கும். அப்புறம் நேரா எங்க ஜன்னலைப் பாத்தான். சரி, இப்பக் கத்தப் போறான், ஊரைக் கூட்டப் போறான்னு ஜன்னல் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், கத்தித் தொலைச்சாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு. அவன் திரும்பிப் போய் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டான்.

ஆனி கடைசி நாள் ஞாயித்துக்கிழமை, சந்தை நாள். செல்வின் கடை முன்னால டெம்போ வந்து நின்னுச்சு. காத்தடிக்கிற மிசினை ஏத்தினான், ஸ்பேனர் மாட்டற பலகையை ஏத்தினான், அவன் பொண்ணோட சைக்கிளை ஏத்தினான். அந்தச் சின்னச் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டினப்ப எனக்கு அதுக்கு மேல முடியலை. செருப்பு கூடப் போடாம ஓடிப் போய், போல்ட்டுத் தலைக்கட்டை மேல கையை ஊணி ஏறி, சீட்டாடறவங்களும் மொளகா காய வெச்சவங்களும் சந்தைக்கு வந்தவங்களும் பாக்கப் பாக்க, தொண்டை கிழியச் சொன்னேன். "இது என் போல்ட்டு! தறி போல்ட்டு, ரெண்டரை நூலு! குணசீலன் வண்டியில நாந்தான் போட்டேன். மரை ஒத்துக்கலை, மிதிச்சு ஏத்தினேன். செல்வின் அந்தப் பிரேக்கைத் தொடவே இல்லை, நாந்தான் தொட்டேன்!"

சொல்லிட்டு, இப்ப ஊரே வாயில அடிச்சுக்கும், காறித் துப்பும்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். கண்ணைத் திறந்தா ஒருத்தர் மூஞ்சியிலயும் ஆச்சரியமே இல்லீங்க. எல்லாரும் அவங்கவங்க செருப்பைப் பாத்துட்டிருக்காங்க.

"தெரியுங் கண்ணு," பாப்பாத்தியக்கா பூவைக் கட்டிக்கிட்டே சொல்லுச்சு. "இருபத்திநாலு நம்பர்ல இருந்தப்பவே பச்சை தெரிஞ்சுதே. நானுந்தானே தினம் பூவைச் சுத்தி மறைச்சேன்."

காளியப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "நீ நம்ம ஊட்டுப் பொண்ணும்மா. அவன் எங்கிருந்தோ வந்தவன். ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வர்றப்ப..." துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சார்.

கக்கத்துல கட்டையை ஊணிக்கிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால நின்ன குணசீலனும் சொன்னான். "எனக்கு விழறதுக்கு முன்னாடியே தெரியும் அண்ணி. வண்டியை எடுத்ததும் பிரேக்ல சத்தம் இல்லை. நம்ம ஊட்டுல நின்ன வண்டி, சத்தத்தை நிறுத்தினது உங்க கைதான்னு எனக்குத் தெரியாதா? வந்து சொல்லணும்னு சந்தோசமாத்தான் வந்துட்டிருந்தேன்." நான் ஆசைப்பட்ட வார்த்தை அதுதானுங்களே. அதை வாங்கிக்க எனக்கு அன்னைக்கு மூஞ்சி இல்லை.

செல்வின் கயிறை விட்டுட்டு மெதுவா வந்தான். கூட்டம் வழி விட்டுச்சு. நான் இறங்கி அவன் முன்னால நின்னேன். "ஏஞ் செல்வின், நீ பாத்தியே அன்னைக்கு, மோந்து கூடப் பாத்தியே. ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன், என்னமோ அவன்தான் தப்புப் பண்ணின மாதிரி.

"அன்னைக்கு இல்லக்கா," அவன் குரல் ஏறவே இல்லை. "விழுந்த அன்னைக்கே ரோட்டுல கிடந்ததை எடுத்துப் பாத்தேன். மரையை அளக்கற கேஜ் வெச்சேன், பதினெட்டு வந்துச்சு. பச்சை நூலு ஒட்டியிருந்துச்சு. அப்பவே உங்க போல்ட்டுன்னு தெரியும். நான் சொன்னா இந்த ஊர்ல எடுபடுமா? அதான், நீங்க பாத்து எடுத்துக்குவீங்கன்னு விழுந்த இடத்துலயே கண்ணுக்குத் தெரியற மாதிரி நிமித்தி வெச்சிட்டுப் போனேன். விடிஞ்சதும் வருவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நாளைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு தினம் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தேன்." அண்ணாந்து ஒருக்கா அதோட நுனியைப் பாத்தான். "அன்னைக்கு வந்திருந்தா முந்தானையில முடிஞ்சுட்டுப் போயிருக்கலாமேக்கா."

யாரும் மன்னிப்புக் கேக்கலைங்க, எங்கூர்ல அந்தப் பழக்கம் இல்லை. காளியப்பண்ணன் போய் டெம்போவுல இருந்து காத்தடிக்கிற மிசினை இறக்கினார். அப்புறம் ஒருத்தர் பலகையை இறக்கினார், ஒருத்தர் சைக்கிளை இறக்கினார், ஸ்பேனரையெல்லாம் எடுத்துப் பலகையில இடம் மாத்தி மாத்தி மாட்டினாங்க, பன்னெண்டு இருக்கற இடத்துல பதினாலும், பதினாலு இருக்கற இடத்துல பத்துமா. செல்வின் அதைச் சரி பண்ணாமப் பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் வெள்ளைப் பெயிண்ட்டு டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துட்டு வந்து, போல்ட்டோட தலைக்கட்டையில, மெக்கானிக்குக டப்பா மேல சைஸ் எழுதி வெப்பாங்களே, அது மாதிரி, ஆள் பேரு ஒண்ணும் போடாம, "ரெண்டரை நூல்"னு மட்டும் எழுதிட்டுப் போனான்.

அன்னைக்கோட அது வளர்றது நின்னுச்சு. சுருங்கும், மறுபடி சின்னதாகும், ஒரு நாள் விடிஞ்சா இருக்காதுன்னு நான் வேண்டாத சாமி இல்லை. சுருங்கவே இல்லை. செல்வின் கடை நடக்குது, என் வண்டியை அவன்கிட்டத்தான் விடறேன், நல்லாத்தான் பாக்கறான், ஆனா இப்பல்லாம் என்னை "வாங்க மேடம்"ங்கறான். லாக் நட்டுப் பேச்செல்லாம் பேசறதில்லை, நானும் கேலி பண்றதில்லை, வண்டி ரெடியாகற வரைக்கும் வெளிய வெயில்ல நிக்கறேன்.

ஸ்டாப்புக்கும் அதுதான் பேரு ஆகிப்போச்சு. நீங்களும் கேட்டிருப்பீங்களே, கண்டக்டர் கதவைத் தட்டி, "ரெண்டரை நூல் இறங்கு, ரெண்டரை நூல் இறங்கு"ன்னு கத்தறாரு. சந்தைக்குப் போய்ட்டு வர்றப்பல்லாம் நானும் அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சு இறங்கறேன், பஸ் மொத்தமும் என் முதுகைப் பாக்கற மாதிரி இருக்கும். உங்களை மாதிரி வெளியூர்க்காரங்க அண்ணாந்து பாத்துட்டு, "இத்தாம் பெருசுக்கு யாருங்க ரெண்டரை நூல்னு பேரு வெச்சது, சைஸ் தப்பாச்சே?"ன்னு கேப்பாங்க.

தப்பில்லைங்க, எடுக்க வேண்டிய அன்னைக்கு அவ்வளவுதான் இருந்துச்சு.